வாய்ஸ் மெசேஜ் எழுத்து ஆகாது

கேள்வி: அம்பத்தூரில் மூன்று லேத், ஐந்து ஆட்களுடன் பட்டறை நடத்துகிறேன். ஒரு லேத்தின் வேகம் மாற்றும் வேரியேட்டரைப் பழுதுபார்த்தவர், புது பெல்ட்டும் புஷ்ஷும் போட்டு 46,000 ரூபாய்க்கு பில் கொடுத்தார். பத்தே நாளில் வேகம் ஏற மறுத்தது. போனில் சண்டை போட்டேன், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அவர் வரவில்லை. வேறொருவரை வைத்துப் பிரித்தேன். ஆர்டர் கைவிட்டுப் போனது. முதலில் பழுதுபார்த்தவர் என் ஆட்கள் முன்னிலையிலேயே என்னை மரியாதையில்லாமல் பேசினார். பாக்கி 30,000 ரூபாயை நிறுத்திவைத்தேன். ஏழு மாதம் கழித்து, உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) காட்டி வட்டியுடன் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சையும், போன ஆர்டரையும் தள்ளிவைத்துவிடுங்கள். வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் குறையைச் சொல்லி ஒரு வரியாவது எழுத்தில் அனுப்பினீர்களா? உங்கள் வழக்கு அதில்தான் நிற்கிறது.

குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை இல்லையென்றால், ஒப்படைத்த நாளே வேலையை ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். பணம் கொடுக்க எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. பேசாவிட்டால் 15 நாள்தான். அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி ஓடத் தொடங்கும். வாய்ஸ் மெசேஜை எழுத்து என்று வாதிட நான் துணிய மாட்டேன். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்த ஒரே ஒரு வரி அந்த நாட்களுக்குள் இருந்தால், அது மின்னணுப் பதிவாக உங்களைக் காக்கும். இன்றே போனைத் துழாவிப் பாருங்கள். அவருடைய உத்யம் பதிவின் தேதி வேலைக்கு முந்தியதா என்பதையும் பாருங்கள். பிந்தியது என்றால் வாதிட இடமுண்டு.

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்கு ஏற்றதல்ல. லேத்தை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று 1995-இல் லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உதாரணமாகவே சொன்னது. ஓரிரு உதவியாளர் இருந்தாலும் பரவாயில்லை என்றது. ஐந்து ஆட்களை வைத்து மூன்று லேத் ஓட்டுபவர் அதற்குள் அடங்குவது கடினம்.

நான் அதிகம் அஞ்சுவது நீங்கள் பிரித்துவிட்ட அந்த வேரியேட்டரைப் பற்றித்தான். இதேபோல் ஒருவர் தேய்ந்த புஷ்ஷை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதை யார், எப்போது கழற்றினார், எதிர்த்தரப்பு பார்த்ததா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. உங்கள் எதிராளியும் இதையே பிடித்துக்கொள்வார்: வேரியேட்டரின் வேகத்தை ஓடும்போதுதான் மாற்ற வேண்டும், நின்ற மெஷினில் உங்கள் ஆள் வேகம் மாற்றும் சக்கரத்தைத் திருப்பியிருப்பார், நகரும் புல்லியின் தண்டுக்குக் கிரீஸே வைத்திருக்க மாட்டீர்கள் என்பார். இவை எல்லாமே நடக்கக்கூடியவை என்பதால், மூன்றாவது ஆளின் கை பட்ட பிறகு தவறு அவருடையதுதான் என்று நிறுவுவது உங்கள் சுமையாகிவிடுகிறது. ஆர்டர் நட்டமும், வேலையை அவரிடம் பேசி முடித்தபோதே அவருக்குத் தெரியும்படி அதைச் சொல்லியிருந்தால் தவிர, ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில் வசூலாகாது.

இதே சட்டத்தின் கீழ் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் கவுன்சிலுக்கு அவர் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டால், அதை எதிர்க்க நீங்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். முப்பதாயிரத்துக்காகத் தொடங்கிய பிடிவாதம் இந்த நிலைக்கு வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே சமரசம் பேசுங்கள். வட்டியை அவர் விட்டுவிடுவதற்கு ஈடாக அசலின் பெரும்பகுதியைக் கொடுத்து, பெல்ட்டின் விலையையாவது கழிக்கச் சொல்லுங்கள். அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்று கையெழுத்தான ரசீது வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். கழற்றிய புஷ்ஷும் பெல்ட்டும் இன்னும் பட்டறையில் இருந்தால் அந்தக் கையெழுத்து ஆகும்வரை பத்திரமாக வைத்திருங்கள், அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டதாக அவரிடம் வாய்தவறியும் சொல்லாதீர்கள்.