தூரத்துப் புகை வாசம்

கேள்வி: மலைப்பக்கம் எங்கயோ காடு எரியிற வாசம் வந்தா பாட்டி வீட்டு விறகடுப்பு ஞாபகம் வந்து மனசு இளகுது, அடுத்த நிமிஷமே குரங்கணி ஞாபகம் வந்து அடிவயிறு கலங்குது. இது தப்பாங்க?
– வாசகி, போடி

பதில்: தப்பே இல்லம்மா. விறகுல இருக்கிற லிக்னின்ங்கிற பொருள் எரியும்போது குவையகால்னு ஒரு பொருள் வரும், புகை வாசத்துல அதுக்குப் பெரிய பங்கு உண்டு, அடுப்புலயும் அதேதான் காட்டுலயும் அதேதான், அந்த வாசம் மூளையில ஞாபகமும் பயமும் இருக்கிற இடத்துக்கு நேரா போயிடும், அதான் ரெண்டும் சேர்ந்தே வருது. 2018 மார்ச் 11 அன்னிக்கு குரங்கணியில மலையேறப் போன பிள்ளைங்க தீயில மாட்டினத நினைச்சா எனக்கும் இன்னும் தொண்டை அடைக்குது. ஆனா ஜன்னல சாத்திடுங்க, புகையில இருக்கிற 2.5 மைக்ரானுக்கும் சின்ன துகள் நுரையீரல் ஆழம் வரைக்கும் போகும். புகை எந்தப் பக்கம்னு பார்த்துட்டு 101க்கு ஒரு போன் போடுங்க.