சிண்டரின் ஹெல்பர் ஃபங்ஷன்களில் எதை முதலில் படிக்க வேண்டும்?

மேகக் கணினிகளை அமைக்க உதவும் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் சேமிப்புப் பகுதியான சிண்டரைப் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், அதன் வால்யூம் யூட்டில்ஸ் கோப்பில் குவிந்து கிடக்கும் சிறுசிறு ஃபங்ஷன்களில் எது முக்கியம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், கிளியர் வால்யூம். மற்றவை அப்புறம்.

எல்விஎம், அதாவது வட்டைத் தேவைக்கேற்பப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி, அந்தச் சேமிப்பில் ஒருவர் தன் வால்யூமை, அதாவது மெய்நிகர் வட்டை, நீக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டின் இந்தப் பகுதி இந்த வால்யூமுக்கு உரியது என்ற குறிப்பு மட்டுமே அப்போது போகும்; தரவு வட்டிலேயே கிடக்கும். அதே இடம் நாளை வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அவர் புது வால்யூமைத் தன் மெய்நிகர் கணினியில் இணைத்து, ஃபார்மட் செய்வதற்கு முன்பே படிக்கக்கூடிய எழுத்துகளைத் தேடி எடுக்கும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை அதன் மேல் ஓட்டினால், முந்தையவரின் வாடிக்கையாளர் பட்டியலும் கடவுச்சொற்களும் வரிவரியாகத் திரையில் ஓடக்கூடும். அந்நியரின் கையில் ஒரு நிறுவனத்தின் ரகசியம்! இதைத் தடுப்பதுதான் கிளியர் வால்யூமின் வேலை. நீக்குவதற்கு முன் வால்யூம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பிவிடும்.

எப்படி நிரப்புகிறது என்று பாருங்கள். தனியாக எதுவும் எழுதவில்லை. பக்கத்திலேயே இருக்கும் காப்பி வால்யூமை அழைத்து, நகலெடுக்க வேண்டிய மூலமாக, பூஜ்யங்களை மட்டுமே தரும் லினக்ஸின் ஜீரோ சாதனத்தைக் கொடுக்கிறது. ஆகவே அடுத்து அதைப் படியுங்கள். உள்ளே ஓடுவது தரவை நகலெடுக்கும் பழைய டிடி கட்டளைதான். ஆனால் ஓட்டுவதற்கு முன், எதையும் நகலெடுக்காத ஒரு வெற்று டிடியை ஓட்டி, நேரடி எழுத்துமுறை அந்தச் சாதனத்தில் செல்லுமா என்று பார்த்துக்கொள்கிறது. சென்றால், வட்டுக்குப் போகும் தரவை நினைவகத்தில் தேக்கிவைக்கும் கர்னலின் பக்கத் தேக்ககத்தைத் தொடாமல் எழுதுகிறது. அந்தத் தேக்ககத்தின் வழியே போனால் ஒரு பெரிய நகல் சர்வரின் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். நேரடி முறை செல்லாத இடத்தில், எல்லாம் வட்டில் இறங்கிய பிறகே வேலை முடிந்தது என்று சொல்ல வைக்கிறது. இத்தனை கவனமும் சில வரிகளில் அடங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபி வால்யூமைத் துடைக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதனால் சில நிர்வாகிகள் இந்தத் துடைப்பைக் கட்டுப்படுத்தும் வால்யூம் கிளியர் அமைப்பையே நிறுத்திவிடுகிறார்கள். பலர் பகிரும் மேகக் கணினியில், மறையாக்கம் இல்லாத வால்யூம்களுக்கு இதைச் செய்யவே கூடாது. துடைக்கும் அளவைக் குறைத்தாலும் ஆபத்து ஆபத்துதான்: 100 எம்பி என்று வைத்தால் முதல் 100 எம்பி மட்டுமே துடைக்கப்படும், மீதி அப்படியே இருக்கும்.

அதே கோப்பில் உள்ள எக்ஸ்ட்ராக்ட் ஹோஸ்ட் எளிது. சர்வர் பெயர், @ குறி, பேக்எண்ட் (பின்னால் உள்ள சேமிப்பு), # குறி, பூல் (அதன் உட்பிரிவு) என்று வரும் நீண்ட பெயரிலிருந்து தேவையான பகுதியைப் பிரித்துத் தருகிறது. ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

துடைக்கும் நேரம்தான் உங்கள் கவலை என்றால், எல்விஎம்மைத் தின் முறையில், அதாவது எழுதும்போது மட்டும் வட்டில் இடம் ஒதுக்கும் முறையில், அமையுங்கள். அதில் புதிதாக ஒதுக்கப்படும் இடம் இயல்பாகவே பூஜ்யமாக்கப்பட்டுத்தான் கிடைக்கும். எனவே நீக்கும்போது சிண்டரின் எல்விஎம் டிரைவர் துடைப்பதில்லை.