கேள்வி – பதில்: கடைசி நாள் மதுரையில்

கேள்வி: 25 பேர் வேனில் மூன்று நாள் சுற்றுலா வருகிறோம். முதல் நாள் ராமேஸ்வரம். கடைசி நாளில் அரிட்டாபட்டி, யானைமலை, கீழடி, சமணர்மலை, சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயில் பார்த்துவிட்டு இரவு ஒன்பதரைக்குச் சென்னை ரயில் பிடிக்க முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேன் ஓடிவிடும், நீங்கள்தான் ஓடமாட்டீர்கள். 25 பேரை இறக்கி, எண்ணி ஏற்றவே ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் போகும். கீழடி ராமேஸ்வரம் சாலைப் பக்கம். அதை முதல் நாளிலேயே முடியுங்கள். சமணர்மலை தேனி சாலைப் பக்கம். இந்த முறை விட்டுவிடுங்கள். மேலூர் சாலைப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி, யானைமலை இரண்டு போதும்.

காலை ஆறுக்குக் கிளம்பினால் ஏழுக்குள் அரிட்டாபட்டி. பாறை சூடேறுமுன் ஏறி இறங்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது. சமண முனிவர்கள் தங்கிய குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி தெரியும். அதற்குக் கீழே தேடினால் தமிழி (தமிழ்-பிராமி) என்னும் பழந்தமிழ் எழுத்து. சாய்வெயிலில்தான் கீறல் எடுப்பாகத் தெரியும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படமெடுக்கவே கூடாது. பாறையைக் குடைந்து செய்த குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் உண்டு, தமிழ்நாட்டில் அரிது. கதவு பூட்டியிருந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். முந்தின நாளே ஊரில் ஆள்விட்டுச் சொல்லிவையுங்கள். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. இட்லிப் பொட்டலம் கொண்டுபோனால் இலையும் காகிதமும் வேனிலேயே திரும்ப வரட்டும். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு.

திரும்பும்போது ஒத்தக்கடையில் பிரிந்தால் யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் கோயில். கி.பி. 770-இல் பாண்டிய மன்னரின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, தம்பி மாறன் எயினன் முடித்த குடைவரை. உச்சிக்கு நடை சாத்துமுன் போய்விடுங்கள்.

பலரும் சறுக்குவது லாட்ஜில். 24 மணி நேரக் கணக்கு என்றால், விடிகாலை ஐந்துக்கு அறை எடுத்தவர் ஐந்துக்கே காலி செய்ய வேண்டும். குளிக்க, மூட்டை வைக்க இரண்டு அறையை மட்டும் நீட்டித்து மற்றவற்றை விடுங்கள். ரயில் நிலைய க்ளோக் ரூமில் பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள். கட்டைப்பைக்காரர்கள் அங்கேதான் முழிப்பார்கள்.

மீனாட்சியம்மன் கோயில் மதியம் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். செல்போனுக்கு அனுமதி இல்லை; வேனிலேயே விட்டுவிட்டு, கூடும் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவையுங்கள். ஏழரைக்கு வெளியே வந்தால் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் சரியாக இருக்கும்.

கேள்வி: மல்லிகை வாங்கினால் சென்னை போவதற்குள் வாடிவிடுகிறதே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: விரிந்த பூவை வாங்கியிருப்பீர்கள். மல்லி இரவில் மலரும். சாயங்காலம் இறுகிய மொட்டாகக் கட்டிய சரம் வாங்கினால் வழியில்தான் விரியும். தண்ணீர் தெளிக்கச் சொல்லாதீர்கள், ஈரம் தங்கினால் பழுப்பேறும். வாழையிலையில் சுற்றி, பாலித்தீன் பை இல்லாமல் துணிப்பையில் மேலாக வையுங்கள்.

கேள்வி: வேன் கணக்கில் கடைசியில் தகராறு வராமலிருக்க?
– வாசகர், ஓசூர்

பதில்: கிலோமீட்டர் கணக்கு வேன் நிற்கும் ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும்வரையா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். மீட்டரை முதலிலும் முடிவிலும் படமெடுங்கள். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா மூன்றும் தனி.