பழைய குழுவில் புது ஆள்: கேள்வி பதில்

இணையத்தில் பத்து, இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதக் குழுக்களைக் கண்டுபிடிப்பது எப்படி, உள்ளே போய் ஒட்டிக்கொள்வது எப்படி என்று வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள். ஒரு குழுவில் நான் மட்டுறுத்துநர் (பதிவுகளை மேற்பார்வையிட்டு ஒழுங்குபடுத்துபவர்), வேறு சிலவற்றில் சாதாரண உறுப்பினர்.

கோபி: அக்கா, பழைய குழுக்கள் இன்னும் இருக்கின்றன என்கிறீர்கள். தேடினால் விளம்பரமும் வீடியோவும்தான் வருகிறது. எங்கேதான் ஒளிந்திருக்கின்றன?

"சிறந்த கேமரா குழு எது" என்று தேடினால் அப்படித்தான் வரும். குழுவைத் தேடாதீர்கள், உங்கள் பிரச்சினையைத் தேடுங்கள். கருவியின் மாடல் எண்ணையோ திரையில் வந்த பிழைச் செய்தியையோ அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள். இதே தலைவலியோடு யாரோ பல வருடம் முன்பு புலம்பிய இழை (ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும்) ஒன்று அகப்படும். நான் பார்த்தவரை பழைய குழுக்களுக்கு ஆட்கள் வந்து சேர்வது இந்தப் பக்கவாசல் வழியாகத்தான். முகப்பைப் பார்த்து மயங்கிச் சேர்ந்தவர்கள் குறைவு. பார்க்கவும் அந்த முகப்புகள் அப்படியொன்றும் அழகாக இருக்காது.

நாலு தேடலில் ஒரே தளம் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே தோண்டுங்கள். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். பல குழுக்கள் சொந்தமாக வைத்திருக்கும் தேடல் பெட்டியைவிட இது மேல்.

ஒன்று கவனியுங்கள். டிஸ்கார்ட், வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நடக்கும் பேச்சு தேடுபொறியில் சிக்காது. அங்கெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைப்பு இணைப்பு கொடுத்தால்தான் வழி. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், உங்கள் துறையின் திறமூல மென்பொருள் தளங்களில் 'உதவி', 'சமூகம்' என்ற பகுதிகளைப் பாருங்கள். இணைப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நிர்மலா: ஒரு குழுவில் இரண்டு லட்சம் உறுப்பினர்கள் என்று போட்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கணக்குத் தொடங்கியவர் எல்லாரும் அதில் சேர்த்தி. ஒருமுறை ஒரு படத்தைத் தரவிறக்கப் பதிந்துவிட்டுப் போனவரும் அதில் இருக்கிறார்.

நான் பார்ப்பது, புது ஆள் கேட்ட கேள்விக்கு என்ன ஆயிற்று என்பதை. கடைசி ஒரு மாதத்தில் முகம் தெரியாத ஒருவர் கேட்டதற்கு இரண்டு நாளில் பதில் வந்திருந்தால் குழு நன்றாக இருக்கிறது. பதில் சொல்பவர்கள் ஐந்தாறு பேரா, ஒரே ஆளா என்றும் பாருங்கள். ஒரே ஆள் என்றால் அவர் சலித்துப்போகும் நாளில் குழுவும் படுத்துவிடும்.

அப்புறம், ஒரு சண்டை இழையைத் தேடிப் பிடித்துக் கடைசிவரை படியுங்கள். மட்டுறுத்துநர் எப்போது வந்தார், என்ன சொன்னார், இழையைப் பூட்டினாரா, யார் பக்கமாவது சாய்ந்தாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். விதிமுறைப் பக்கத்தில் எல்லாக் குழுவும் உத்தமம்தான்.

அருள்: சேர்ந்தவுடனே எழுதலாமா? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

1995 அக்டோபரில் இணையப் பழக்கவழக்கங்கள் குறித்து 'ஆர்எஃப்சி 1855' என்று ஓர் ஆவணம் வந்தது. எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் படித்துக்கொண்டிருங்கள், குழுவின் போக்கு பிடிபடும் என்கிறது அது. இன்றைக்கு யாரும் அவ்வளவு பொறுக்க மாட்டார்கள், அது தேவை என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதிலிருக்கும் யோசனை சரியானது. 2013 முதல் பல குழுக்கள் பயன்படுத்தும் டிஸ்கோர்ஸ் மென்பொருள் இதையே ஒரு கணக்காக்கி வைத்திருக்கிறது: ஐந்து இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் செலவிட்டால் நீங்கள் 'புதியவர்' நிலையிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவீர்கள். ஒரு வரிகூட எழுத வேண்டாம். குழு தன் வசதிக்கு எண்களை மாற்றிக்கொள்ளலாம், இவை அதன் இயல்பு அமைப்பில் உள்ளவை.

என் அளவுகோல் நாள் கணக்கு இல்லை. அங்கே அடிக்கடி எழுதும் நாலைந்து பேரின் பெயரைப் பார்த்ததும், "இவர் இந்த விஷயத்தில் கில்லாடி, அவர் எதற்கும் மறுப்பார்" என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதலாம்.

ஷாகுல்: நான் போட்ட முதல் பதிவு தெரியவே இல்லை. இரண்டாவது முறை போட்டேன், அதுவும் காணோம். தடை செய்துவிட்டார்களா?

இல்லை, வரிசையில் நிற்கிறது. எரிதக்காரர்கள் (ஸ்பேம் போடுபவர்கள்) தொல்லையால் புதுக் கணக்கின் முதல் பதிவை மட்டுறுத்துநர் பார்த்துத்தான் விடுவார். பதிவில் இணைப்புகள் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ரெடிட்டின் பல உட்குழுக்களில் கணக்கின் வயது குறைவாக இருந்தால் தானியங்கிக் கருவியே பதிவை எடுத்துவிடும். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மற்றவர் பதிவுக்குக் கீழே கருத்து எழுத 50 மதிப்புப் புள்ளி வேண்டும். ஆனால் கேள்வி கேட்கவும் பதில் எழுதவும் அது வேண்டியதில்லை.

ஒரு நாள் பொறுங்கள். அப்புறம் மட்டுறுத்துநருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். மூன்றாவது முறை போடாதீர்கள். இன்னொரு கணக்கு மட்டும் தொடங்கவே தொடங்காதீர்கள், அப்போது நிஜமாகவே தடை விழும்.

தேன்மொழி: உண்மைப் பெயரா, புனைபெயரா?

குழு கேட்காதவரை புனைபெயர். 1985-இல் தொடங்கிய 'தி வெல்' போன்ற சில இடங்களில் உண்மைப் பெயர் தெரிந்தாக வேண்டும் என்ற மரபு உண்டு. மற்ற இடங்களில் எந்தப் பெயரானாலும் சரி, அதை மாற்றாமல் வைத்திருங்கள். உங்கள் பழைய பதிவுகளின் மதிப்பு அந்தப் பெயரில்தான் சேர்கிறது.

ராஜா: சில குழுக்களில் சேரவே காசு கேட்கிறார்களே, இது நியாயமா?

மெட்டாஃபில்டர் என்று 1999-இல் தொடங்கிய குழு ஒன்று. கூட்டம் தாங்காமல் சேர்க்கையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். 2004-இல் மறுபடி திறந்தபோது ஒரே ஒரு முறை 5 டாலர் என்று வைத்தார்கள். ஆயிரம் போலிக் கணக்கு திறக்க நினைப்பவனுக்கு அது கட்டுபடியாகாது, ஆசையாக வருபவருக்குப் பெரிய தொகை இல்லை. லோப்ஸ்டர்ஸ் என்ற நிரலாளர் குழுவில் காசு இல்லை, அழைப்பு வேண்டும். யார் யாரை அழைத்து வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். நீங்கள் அழைத்தவர் அட்டூழியம் செய்தால் உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும். ஆனால் உள்ளே யாரையும் தெரியாதவருக்கு அது கதவடைப்பு என்பதும் உண்மை.

மாலதி: "வணக்கம், நான் புதியவள்" என்று அறிமுகம் போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அறிமுகத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் யார் என்ன சொல்வார்கள்? நல்ல கேள்விதான் நல்ல அறிமுகம். பழைய பிலிம் கேமராக் குழு ஒன்றில் இப்படி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"என் கேமரா ரிப்பேர். யாராவது உதவுங்கள், அவசரம்."

இதற்குப் பதில் வராது. வந்தாலும் "என்ன மாடல்?" என்றுதான் வரும். இதையே இப்படி எழுதலாம்:

"தாத்தாவின் கேமரா, இன்ன மாடல். ஷட்டர் 1/125, 1/60 நொடியில் சரியாக இயங்குகிறது. 1/8-க்குக் கீழே போனால் திறந்தபடியே நின்றுவிடுகிறது. பழைய எண்ணெய் இறுகினால் இப்படி ஆகும் என்று இங்கே ஓர் இழையில் படித்தேன். நான் இன்னும் எதையும் கழற்றவில்லை. கழற்றாமல் சோதிக்க வழி உண்டா?"

இதைப் பார்த்துவிட்டுப் பழைய ஆட்களால் சும்மா இருக்க முடியாது. எதைப் பார்த்தார், எதைப் படித்தார், எங்கே நின்றுவிட்டார் எல்லாம் இருக்கிறது. "இன்னும் எதையும் கழற்றவில்லை" என்ற வரிக்காகவே ரெண்டு பேர் பாராட்டுவார்கள்.

செந்தில்: பழைய உறுப்பினர்கள் ஏன் இப்படிக் கடுகடுவென்று இருக்கிறார்கள்? எது கேட்டாலும் "தேடிப் பார்" என்கிறார்கள்.

பாதி சலிப்பு, பாதி மிதப்பு. சலிப்புக்குக் காரணம் உண்டு. 1980-இல் இயங்கத் தொடங்கிய யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையமைப்பில் ஒவ்வொரு செப்டம்பரும் அமெரிக்கக் கல்லூரிகளின் புது மாணவர்கள் வந்து குவிவார்கள், கொஞ்ச நாள் அமளி செய்வார்கள், பிறகு பழகிவிடுவார்கள். 1993-94 வாக்கில் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் அதைத் திறந்துவிட்டதும் புது ஆட்களின் வரத்து நிற்கவே இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழையவர்கள் இன்றும் கேலி செய்வது அதனால்தான்.

ஆளை எடைபோட ஒரு வழி சொல்கிறேன், தம்பி. "தேடிப் பார்" என்று சொல்லிக் கூடவே பழைய இழையின் இணைப்பையும் கொடுப்பவர் நல்லவர், அவரிடம் கோபிக்காதீர்கள். இணைப்பு கொடுக்காமல் அதட்டுபவரைத் தாண்டிப் போங்கள். பதிலுக்கு மல்லுக்கட்டினால் உங்கள் கேள்வி அந்தச் சண்டைக்குள் புதைந்துவிடும். விதிமுறையை நீங்கள் மீறாதபோது மட்டுறுத்துநரும் சேர்ந்து அதட்டினால், அந்தக் குழு உங்களுக்கு வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: வருடக்கணக்காகப் படிக்கிறேன், ஒரு வரிகூட எழுதியதில்லை. நானும் உறுப்பினர்தானா?

தாராளமாக. இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். குழுவுக்குக் குழு இது மாறும், ஆனாலும் நீங்கள் பெரும்பான்மைக் கட்சி.

எழுத ஆசை இருந்து தயக்கம்தான் தடை என்றால், உங்களுக்கு உதவிய ஒரு பழைய இழைக்குப் போய், அந்தத் தீர்வு எந்த மாடலில், எந்தப் பதிப்பில் உங்களுக்கு வேலை செய்தது என்று எழுதுங்கள். பத்து வருடப் பழைய இழையை எழுப்பக் கூடாது என்று சில குழுக்களில் விதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அப்படி இருந்தால் புது இழை தொடங்கிப் பழையதன் இணைப்பைக் கொடுங்கள்.

கோபி (மறுபடியும்): இவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்த பிறகு குழுவையே மூடிவிட்டால்?

மூடுவார்கள். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் ஒரேயடியாகப் போயின. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே பழைய மடல்களை நீக்க ஆரம்பித்திருந்தார்கள், தன்னார்வலர்கள் ஓடி ஓடி முடிந்ததைச் சேமித்தார்கள். உங்களுக்கு முக்கியமான இழைகளை இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' தளத்தில் முகவரி கொடுத்துச் சேமியுங்கள். உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பக்கங்களுக்கு இது உதவாது, அவற்றை உங்கள் கணினியில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். மூடும் அறிவிப்பு வந்தால், எந்தப் புது இடத்துக்குக் கூட்டமாகப் போகப்போகிறார்கள் என்பதைக் கடைசி வாரத்து இழைகளில் பாருங்கள். அங்கேயும் அதே பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.