கணினிக் கேள்வி-பதில்: ரிசல்ட் அன்று படுத்துவிட்ட தளம்

கேள்வி: ப்ளஸ் டூ மாணவர்களுக்குப் பொறியியல் கட்-ஆஃப் கணக்கிட்டுக் காட்டும் சின்ன இணையதளம் ஒன்றைத் தனியாளாக நடத்துகிறேன். மாணவர் தரும் மதிப்பெண்ணை டேட்டாபேஸில் போட்டு, கணக்கிட்டு, போன வருடக் கல்லூரிப் பட்டியலோடு காட்டும். வருடம் முழுக்க ஈயோட்டும். இந்த முறை ரிசல்ட் வந்த காலையில் யாரோ வாட்ஸ்அப்பில் லிங்க் போட, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று சொல்லிப் படுத்துவிட்டது. கடன் வாங்கியாவது பெரிய சர்வருக்கு மாறிவிடலாமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: கடனெல்லாம் வேண்டாம். கணிதத்தில் 95, இயற்பியலில் 88, வேதியியலில் 91 என்றால் 95 + 44 + 45.5, கட்-ஆஃப் 184.5. இந்தக் கூட்டலுக்கு எதற்கு டேட்டாபேஸ்? நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும், மாணவரின் போனே போட்டுவிடும். (பிள்ளைகளின் மதிப்பெண்ணை நீங்கள் ஏன் சேமித்து வைக்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.)

அந்தப் பிழைச்செய்தி மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தருவது. நீங்கள் எதையும் மாற்றாதவரை ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் அது ஏற்கும். ‘அதை ஆயிரமாக்கு’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் நினைவகம் தின்னும். சின்ன சர்வரில் பிழைச்செய்திகூட வராமல் மொத்தமும் உறைந்துவிடும்.

அப்புறம் கல்லூரிப் பட்டியல். போன வருடக் கட்-ஆஃப் இனி மாறப்போவதில்லை. ஆளுக்கு ஒரு தடவை டேட்டாபேஸைத் தட்டி எழுப்பாமல், எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதி வைத்துவிடுங்கள். பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு உங்கள் சர்வருக்குப் பதிலாகத் தானே எடுத்துக்கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை ஒன்றை முன்னால் நிறுத்துங்கள், இலவசத் திட்டமே போதும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: படம், சிஎஸ்எஸ் போன்றவற்றை அது தானாகவே சேமித்துக்கொள்ளும், எச்டிஎம்எல் பக்கத்தைச் சேமிக்காது. அதற்கு ‘கேஷ் ரூல்’ (எதைச் சேமிக்கவேண்டும் என்று சொல்லும் விதி) ஒன்றை நீங்கள்தான் எழுதவேண்டும்.

‘வேர்டில்’ என்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு தெரியுமல்லவா? ஜாஷ் வார்டில் என்ற ஒற்றை ஆள் செய்தது. 2021 நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று 3 லட்சத்துக்கும் மேல். அப்போது சொற்பட்டியல், ஆட்டம் எல்லாமே பக்கத்துக்குள்ளேயே இருந்தன. சர்வருக்கு ஃபைலை எடுத்துக் கொடுப்பதைத் தவிர பெரிய வேலை இல்லை.

பக்கத்தின் அடியில் ‘நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்’ என்று பெட்டி ஏதும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே கழற்றுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் அது டேட்டாபேஸில் எழுதும். படிப்பதைவிட எழுதுவதுதான் நெரிசலில் கழுத்தைப் பிடிக்கும்.

கவுன்சிலிங் தொடங்கினால் மறுபடி கூட்டம் வரும். அதற்கு முன், ஒரு நள்ளிரவில் ஒரே நேரத்தில் நிறையப் பேர் வருவதுபோல் தளத்தைத் தட்டும் ‘அப்பாச்சி பெஞ்ச்’ கருவியை வைத்து உங்கள் தளத்தை நீங்களே அடித்துப் பாருங்கள். சர்வர் வாடகைக்குத் தந்தவர்களின் விதிமுறை அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.