ஹிஃப்ழு வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு சிவாஜிநகரில் தினமும் இரண்டு மணி நேர மாலை ஹிஃப்ழு (குர்ஆன் மனன) வகுப்பு நடத்துகிறோம். 12 பிள்ளைகள், ஒரு உஸ்தாத் (ஆசிரியர்). எட்டு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று ஜுஸ்வு) தாண்டியவர்களுக்கு முதல் ஜுஸ்வுகளே மறந்துபோகின்றன. முயற்சி போதவில்லையா?

பதில்: பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், நேரக் கணக்குதான் இடிக்கிறது. ஒருவருக்கு உஸ்தாத் தர முடிவது 10 நிமிடம். அரைப் பக்க ஸபக்கும் (அன்றைய புதுப் பாடம்) அண்மையில் முடித்த நாலைந்து பக்கமும் கேட்பதற்குள் அது தீர்ந்துவிடும். ஒரு ஜுஸ்வை நிதானமாக ஓத அரை மணிக்கு மேல் ஆகும். அப்புறம் ஆமூக்தாவை, அதாவது முன்பே மனனம் செய்த பழைய பாடத்தை, யார் கேட்பது?

ஆமூக்தாவை முதலில் வையுங்கள். ஆறு ஜோடியாக உட்காரவைத்து, ஆளுக்கு 20 நிமிடம், அரை ஜுஸ்வு. எட்டு ஜுஸ்வும் 16 வகுப்பில் ஒரு சுற்று வந்துவிடும். கேட்பவர் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) பார்த்தே கேட்கவேண்டும். மனப்பாடத்திலிருந்து கேட்டால் இருவரும் ஒரே தவறைச் செய்து ஒப்புக்கொண்டு போவார்கள். தடுமாறிய இடத்தில் பென்சில் புள்ளி. மீதி 80 நிமிடத்தில் உஸ்தாத் ஸபக்கைக் கேட்டு, புள்ளி விழுந்த இடங்களையும் ஓதச்சொல்லட்டும். இன்னொரு உஸ்தாத் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரை ஜுஸ்வில் ஐந்து தவறுக்கு மேல் போனால் மறுநாள் ஸபக் கிடையாது. பிள்ளையைச் சேர்க்கும்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். "எத்தனை ஜுஸ்வு ஆச்சு?" என்ற நச்சரிப்புக்கு இணங்கித்தான் பல வகுப்புகள் கெடுகின்றன. முஸ்ஹஃபும் கடைசிவரை ஒரே அச்சாக, ஜுஸ்வுக்கு 20 பக்கம் வரும் 15 வரிப் பதிப்பாக இருக்கட்டும். வசனம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறதென்று கண்ணும் மனனம் செய்கிறது. அச்சு மாறினால் அந்தப் பிடி போய்விடும்.

கேள்வி: என் மகன் ஒரு சூராவில் (அத்தியாயத்தில்) தொடங்கி வேறொரு சூராவுக்குத் தாவிவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: ஒத்த வசனங்கள் செய்யும் வேலை அது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, வேறுபடும் சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். பொருளையும் தமிழில் சொல்லுங்கள்; உருது வழி வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று இரண்டு சூராக்களில் வருகிறது. அல்அன்ஆம் சூராவின் 151ஆம் வசனம், வறுமையில் இருப்பவரிடம் பேசுகிறது: "உங்களுக்கும் அவர்களுக்கும்" உணவளிப்போம். பனூ இஸ்ராயீல் சூராவின் 31ஆம் வசனம், வறுமை வருமோ என்று அஞ்சுபவரிடம் பேசுகிறது: "அவர்களுக்கும் உங்களுக்கும்". காரணம் புரிந்தவன் இதில் தடுமாறமாட்டான்.

கேள்வி: பள்ளித் தேர்வு மாதத்தில் ஹிஃப்ழை நிறுத்தலாமா?

பதில்: ஸபக்கை மட்டும் நிறுத்துங்கள். ஆமூக்தா தினம் ஐந்து பக்கமாவது ஓடட்டும்.