உள்நாட்டு காரா, வெளிநாட்டு காரா: பத்து வருஷம் உழைப்பது எது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. இனி தினமும் காரில் போய்வரலாம் என்று இருக்கிறேன். வாங்கினால் பத்து, பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொள்வேன். "டாடா, மகிந்திராதான் நம்ம நாட்டு வண்டி, இரும்பு மாதிரி இருக்கும்" என்கிறார் மாமனார். "ஜப்பான் வண்டிதான் செலவு வைக்காது" என்கிறான் தம்பி. பட்ஜெட் 10 லட்சம் ரூபாய். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். மாமனார் பேசுவது, மோதினால் வண்டி தாங்குமா என்பதைப் பற்றி. அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு: இந்தியாவில் தயாரான கார்களில் குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் முதன்முதலாக 5 நட்சத்திரம் வாங்கியது 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான்தான். தம்பி பேசுவது ஒர்க்ஷாப் செலவைப் பற்றி. நன்றாக மோதல் தாங்கும் வண்டி, எட்டாவது வருஷம் ஒர்க்ஷாப் பக்கம் போகாமல் இருக்கும் என்று அர்த்தமில்லை.

நாட்டை வைத்து முடிவு செய்வதும் சிரமம். மாருதியில் பெரும்பங்கு ஜப்பானின் சுசுகியுடையது. கொரியாவின் ஹூண்டாய் 1998 முதல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. மாருதி ஸ்விஃப்ட்டில் வருஷக்கணக்கில் ஓடிய 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. அதே இன்ஜின் டாடா விஸ்டாவிலும் இருந்தது. டொயோட்டா கிளான்ஸாவை எடுத்துக்கொண்டால், அது மாருதி பலேனோதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் எத்தனை வருஷமாக நம் ரோட்டில் ஓடுகின்றன என்று பாருங்கள். ஜப்பான் கம்பெனிகளுக்கு நல்ல பெயர் வந்ததே இதனால்தான். ஒரே இன்ஜினைப் பல வருஷம் வைத்துக்கொண்டு, வரும் குறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள். இன்னோவா டாக்சிகள் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் 2000-ல் வந்த மகிந்திரா பொலீரோவும் அப்படித்தான் கிராமமெல்லாம் பெயர் வாங்கியது, அது நம் நாட்டுக் கம்பெனியின் வண்டி. டாடா, மகிந்திராவின் புது மாடல்களைப் பற்றி வரும் புகார்களில் டச் ஸ்கிரீன் அசையாமல் நின்றுவிடுவது, சென்சார் மக்கர் செய்வது, கதவு இடுக்கில் சத்தம் போன்றவை நிறைய. புது வசதிகளை வேகமாகக் கொண்டுவருவதன் விலை அது. ஐரோப்பிய வண்டிகள் ஓட்டச் சுகமாக இருக்கும். ஸ்பேர் விலையும் ஒர்க்ஷாப் தூரமும்தான் கடிக்கும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். போக வர 50 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்குச் சுமார் 15,000. பத்து வருஷத்தில் ஒன்றரை லட்சம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு, நேரத்துக்கு ஆயில் மாற்றினால், இது பெரிய தூரமே இல்லை. அதனால் என் தேர்வு: மார்க்கெட்டுக்கு வந்து இரண்டு வருஷமாவது ஆன, டர்போ இல்லாத, மேனுவல் கியர் பெட்ரோல் வண்டி. செலவை மட்டும் பார்த்தால் சுசுகி, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் பக்கம் போகலாம். பாதுகாப்புக்காக டாடா, மகிந்திராதான் என்றால் தாராளமாக வாங்குங்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் விடாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடலூரிலேயே ஒரு ஸ்பேர் கடையில் கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஹெட்லைட், ஏசி கண்டென்சர் இந்த நான்கின் விலையைக் கேளுங்கள், கையிருப்பு உண்டா என்பதையும். ஷோரூம் சொல்லாத பல விஷயம் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம், நம் ஊரில் காரை முதலில் தின்பது உப்புக் காற்று. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே நின்று, துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயிண்ட் கொப்பளிப்பது கண்ணில் படும்போது தகடு போயிருக்கும். மாதம் ஒருமுறை ஒரு குச்சியால் அந்த ஓட்டைகளைக் குத்திவிட்டு, அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். எந்த நாட்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

பெண்ணையாறு பொங்கினால் என்ன ஆகும் என்று 2024 டிசம்பரில் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது. இன்ஜினுக்கான கூடுதல் காப்பான 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்த்து எடுங்கள். வரி குறைவு என்று புதுச்சேரி நம்பரில் வாங்கும் யோசனை இருந்தால் வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். 2018 மாடல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மலிவாக வருகிறது. கம்பெனி போய்விட்டதே, வாங்கலாமா?

பதில்: ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதே, சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றது. ஃபில்டர், பிரேக் பேட் போன்ற அடிக்கடி மாற்றும் சாமான்களுக்குக் கவலையில்லை. எலக்ட்ரானிக் சாமான், பாடி பேனல் என்றால் காத்திருக்க நேரலாம். வீட்டில் இது ஒன்றுதான் வண்டி என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது வண்டி என்றால், நல்ல மெக்கானிக் கைவசம் இருந்தால், பார்க்கலாம்.

எக்கோஸ்போர்ட் இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் பெல்ட், செயின் இல்லை. அறுந்தால் இன்ஜினே போகும், அதனால் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும், சீட்டின் அடியில், சீட் முன்னும் பின்னும் நகரும் கம்பியின் போல்ட்டில் துரு தெரியும், ஸ்டெப்னி குழியில் மண் தங்கியிருக்கும். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.